பக்க மின்தடை ஏன் குறையுது?

'அறிவியல் சிறகுகள்' வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியபோது ரொனால்ட் தனக்கு 'நிறுவனர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். காரைக்கால் நகரத்தில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் பத்தாவது படிக்கிற பையன். அட்மின் யார் வேண்டுமானாலும் ஆகலாம், நிறுவனர் ஒருவர்தான் ஆக முடியும் என்பது அவன் கணக்கு. கூடப் படிக்கும் ஜெனிட்டாவுக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி கொடுத்தான். குழுவுக்கு ஒரு சின்னமும் செய்தாயிற்று: விரிந்த புத்தகத்திலிருந்து ஒரு புறா சோதனைக்குழாயைக் கவ்விக்கொண்டு பறக்கும். அதற்குக் கீழே, 'ஒருவரின் சந்தேகம் அனைவரின் சந்தேகம்' என்று பொன்னிறத்தில் எழுதியிருக்கும்.

மாவட்டத்தில் பத்தாவது படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் எந்தப் பள்ளியாக இருந்தாலும் ஒன்றுசேர்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து அறிவியல் தேர்வுக்குத் தயாராக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். தொடக்க விழாவன்று குத்துவிளக்குச் சுடர் ஆடும் படம் ஒன்றை ஜெனிட்டா அனுப்பினாள். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். குட்மார்னிங் படம் போடக் கூடாது என்பது முதல் விதிமுறை. இந்த விதிமுறையை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக நிறுவனர் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவுடன் அதை நினைவூட்டினார்.

குழுவில் அதுவரை யாரும் சந்தேகம் கேட்கவில்லை என்பதுதான் ஒரே குறை. முதல் சந்தேகத்தைக் கேட்டவள் எழில்மதி.

எழில்மதிக்கு ஊர் வரிச்சிக்குடி. அரசுப் பள்ளி. எட்டாவது வரை தமிழில் படித்தாள். அதற்குப் பிறகு பள்ளி மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறி, புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. மாற்றம் மாணவர்களின் நன்மைக்கே என்று மேடையில் சொன்னார்கள். எழில்மதி மேடைக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்றிலிருந்து அவள் அறிவியலைப் படிக்கவில்லை, நெட்டுரு போட்டாள். மாதிரித் தேர்வில் நெட்டுரு கைகொடுக்கவில்லை. மற்ற பாடங்களில் தப்பித்தவள் அறிவியலில் விழுந்தாள்.

அவள் அப்பா காத்தமுத்துவுக்கு அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிற வேலை. அதிகம் பேச மாட்டார். மாதிரித் தேர்வு மார்க்கைப் பார்த்துவிட்டு, பாரதியார் சாலையில் ஒரு ஜவுளிக்கடை மேனேஜரிடம் சொல்லி வைத்திருப்பதாக மட்டும் சொன்னார். "பாஸாயிட்டா பாலிடெக்னிக்ல சேத்து வுடுறேன். இல்லாட்டி அந்தக் கடையில நின்னுக்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு உக்கார ஸ்டூல் போட்டிருக்காங்களாம்."

ஸ்டூல் இருக்கிறது என்று அவர் சொன்னவிதத்தில், முடிவு ஏறக்குறைய எடுத்தாகிவிட்டது என்று எழில்மதிக்குத் தோன்றியது.

படிப்பு விடுமுறை விட்டாயிற்று. அறிவியல் ஆசிரியை பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். யூடியூபில் தேடினால் இந்தியில் ஒருவர் கத்தினார். ஆங்கிலத்தில் இன்னொருவர் அவரைவிட வேகமாகக் கத்தினார். கடைசியில் மாநில எல்லை தாண்டி, பொறையாறில் இருக்கிற மாமா மகளிடமிருந்து தமிழ்நாட்டுப் பழைய தமிழ்வழிப் புத்தகத்தை வாங்கி வந்தாள். மின்னியல் பாடத்தைப் பிரித்தாள். இரண்டு வருடமாக சுவர் மாதிரி நின்ற பாடம் கதவு மாதிரி திறந்தது. மின்னோட்டம் என்றால் ஓடுவது. மின்தடை என்றால் அதைத் தடுப்பது. இவ்வளவுதானா, இதற்குத்தானா 'ரெசிஸ்டன்ஸ்' என்று பல்லைக் கடித்தோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வருவதற்கு முதலில் கொஞ்சமாவது புரிய வேண்டும். அந்த வசதி இதுவரை அவளுக்கு வாய்க்கவில்லை.

மின்தடையங்களைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் மொத்த மின்தடை கூடும் என்றிருந்தது. சரி, தடுக்க ஆள் கூடினால் தடுப்பு கூடத்தானே செய்யும். ஆனால் அவற்றையே பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்த மின்தடை குறையும் என்று அடுத்த வரி சொன்னது. தடுக்க ஆள் கூடியும் தடுப்பு எப்படிக் குறையும்? இரண்டு நாள் யோசித்தாள். இந்த ஒன்று விளங்கிவிட்டால் அந்தப் பாடத்தில் எப்படிக் கேட்டாலும் சொந்தமாக எழுதிவிடலாம், தேறிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்து பெஞ்சு அஜீசுன்னிசாவுக்கு போன் செய்தாள்.

"எனக்கும் தெரியாதுடி. நான் ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிட்டேன். ஏன் எதுக்குன்னுல்லாம் கேட்டா எங்க வாப்பாதான் வந்து பரீட்சை எழுதணும்" என்றாள் அஜீசுன்னிசா. "அந்த சிறகு குரூப்புல கேளேன். டவுன் புள்ளைங்கள்லாம் இருக்குதுங்க."

எழில்மதி கேட்டாள். பலமுறை எழுதி, அழித்து, கடைசியில் தமிழில் இப்படிப் போட்டாள்:

'வணக்கம். தொடர் மின்தடை ஏன் கூடுது, பக்க மின்தடை ஏன் குறையுது? யாராச்சும் சொல்லுங்க. ரெண்டு நாளா தூக்கம் இல்ல.'

அவள் எழுதியதில் எழுத்துப் பிழை கூடக் கிடையாது. ஆனால் நகரத்துப் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே 'ரெசிஸ்டன்ஸ்' படித்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த மின்தடை ஒன்றே ஒன்றுதான். செய்தித்தாளின் ஓரத்தில் 'நாளை மின்தடை' என்று கட்டம் கட்டி வருமே, அது.

நிறுவனர் உடனே பதில் போட்டார். 'தங்கள் சந்தேகம் பதிவு செய்யப்பட்டது.'

ஜெனிட்டா: 'பாவம்பா. ஃபேன் இல்லாம எப்படித் தூங்குறது.'

நெடுங்காட்டிலிருந்து ஆதவன்: 'எங்க ஊர்லயும் இதே கதைதான். சாயங்காலம் போனா வரவே மாட்டேங்குது.'

கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு பையன்: 'எங்களுக்கு கரண்ட் இருக்கு. ஆனா கொசுவும் இருக்கு.'

எழில்மதி பதறிப்போய் எழுதினாள்: 'அது இல்லீங்க. நான் கேக்குறது பாடத்துல வர்ற மின்தடை.'

'அதேதான் சிஸ்டர்,' என்றான் ரொனால்ட். 'பாடம் படிக்கிறப்ப வர்ற மின்தடைதான் இருக்குறதுலயே கொடுமை.' அதற்கு எல்லாரும் கட்டை விரலை உயர்த்தினார்கள். குழு தொடங்கியதிலிருந்து இவ்வளவு கட்டை விரல்களை ரொனால்ட் பார்த்ததில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவன் மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, பதில் சொல்வதை மட்டும் செய்தான்.

அஜீசுன்னிசா போன் செய்தாள். "ஏடி, ரெசிஸ்டன்ஸ்னு போட்டுத் தொலையேன். அதுங்களுக்குத் தமிழு தெரியாது."

எழில்மதி போட்டாள்: 'நான் கேட்டது ரெசிஸ்டன்ஸ் பத்திங்க.'

ரொனால்ட் இதயம் போட்டான். 'செம சிஸ்டர். ரெசிஸ்டன்ஸ்னா எதிர்ப்பு. நம்ம எதிர்ப்பைப் பதிவு செய்யணும். ஒருவரின் சந்தேகம் அனைவரின் சந்தேகம்.'

ஆதவனின் அப்பா பெயர் குஞ்சிதபாதம். அவர் வட்டார மக்கள் நலப் பேரவையின் தலைவர். பேரவையில் அவரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் நிரந்தர உறுப்பினர்கள். போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் மைத்துனரும் உண்டு. மகனின் போனில் எழில்மதியின் கேள்வியைப் பார்த்தவர், அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். தொடர் மின்தடை கூடுகிறது. பக்கத்து மின்தடை குறைகிறது. பக்கம் என்றால் பக்கத்து மாவட்டம், தமிழ்நாடு. சுற்றிலும் அவர்கள், நடுவில் நாம். ஒரு சின்னப் பெண் இவ்வளவு பெரிய அரசியலை ஒரு வரியில் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் காலை வரிச்சிக்குடியில் எழில்மதி வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஒன்றில் குஞ்சிதபாதமும் சால்வையும். இன்னொன்றில் மைத்துனரும், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் நிறுவனரும்.

"எழில்மதி யாரும்மா?"

"நான்தாங்க."

"நீதானா? ஒரு ஊரையே எழுப்பி வுட்டுட்டியேம்மா."

"அய்யா, நான் கேட்டது அது இல்லீங்கய்யா. பக்க மின்தடைங்குறது வந்து..."

"தெரியும், தெரியும். பக்கத்துல பொறையாறுல குறையுது. நம்ம பக்கம் தொடருது. ஏன்? இதத்தான் நானும் பத்து வருசமா மைக்கு புடிச்சிக் கேக்குறேன். ஆனா ஒன்ன மாதிரி சுருக்கமா கேக்க வரல."

எழில்மதி ரொனால்டைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை இந்தக் கூட்டத்தில் பாடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "நீங்களாச்சும் சொல்லுங்க. நான் கேக்குறது சர்க்யூட்டுல வர்றதுங்க."

ரொனால்ட் குஞ்சிதபாதத்தின் பக்கம் திரும்பினான். "அங்கிள், ஷார்ட் சர்க்யூட்டும் ஆவுதாம்."

"அடப்பாவமே. எழுதிக்க மாப்ள, எழுதிக்க" என்றார் குஞ்சிதபாதம். மைத்துனர் எழுதிக்கொண்டார்.

எழில்மதியிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "ஓம் விதிங்கய்யா. ஓம் விதிப்படி பாத்தா..."

"என் விதியா?" குஞ்சிதபாதத்தின் முகம் ஒரு கணம் மாறியது.

"ஒங்க விதி இல்ல அங்கிள். பாவம், நொந்துபோயி எல்லாம் விதிங்குறாங்க" என்று ரொனால்ட் விளக்கினான்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது தாயி. விதின்னு இருந்துட்டா அப்பறம் பேரவை எதுக்கு, நான் எதுக்கு?"

இதற்குள் தெரு கூடிவிட்டது. சால்வை அவள் தோளில் விழுந்தது. மைத்துனர் போனைத் தூக்கிப் பிடித்தார். "புத்தகத்த கையில வச்சுக்கம்மா. படிக்கிற புள்ளன்னு தெரியணும்ல." கடைசி முயற்சியாக எழில்மதி ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே திறந்து, அந்தப் படத்தையே விரலால் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருவராவது விரல் போகிற இடத்தைப் பார்க்க மாட்டார்களா என்று நினைத்தாள். புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்த ரொனால்டின் கட்டை விரல் பக்க இணைப்புப் படத்தின் மேல் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

மத்தியானம் அந்தப் படம் எல்லார் போனிலும் வந்தது. 'மின்தடைக்கு எதிராகப் பொங்கி எழுந்த மாணவி எழில்மதி. உடன்: நிறுவனர் ரொனால்ட்.' படத்தில் எழில்மதியின் முகமும் புத்தகமும் ஓரமாகவும் நிறுவனரின் சட்டை நடுநாயகமாகவும் விழுந்திருந்தன.

பேரவையின் சார்பில் மின்துறைக்கு மனு கொடுக்கப்பட்டது. நாட்டில் மனுக்கள் எழுதப்படுவதே அவை கிடப்பில் போடப்படும் என்ற நம்பிக்கையில்தான். இந்த மனுவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மாணவி, தேர்வு, சால்வை எல்லாம் சேர்ந்திருந்ததால் மேலிடத்தில் யாரோ அதைப் படித்துவிட்டார்கள். உடனே ஆளை அனுப்புங்கள், பழைய கம்பியை மாற்றுங்கள், பரீட்சைக்குள் முடியுங்கள் என்று உத்தரவாயிற்று. பரீட்சைக்குள் என்றால் பரீட்சைக்கு முந்தின நாள்.

நிறுவனர் குழுவில் அறிவிப்பை ஒட்டினார். 'வரிச்சிக்குடி மற்றும் சுற்றுப்புறங்களில் உயரழுத்தக் கம்பிகள் மாற்றப்படுவதால் நாளை காலை முதல் பணிகள் முடியும் வரை மின்தடை.' அதற்கு மேலே அவர் சொந்தமாக ஒரு வரி எழுதி, பச்சை நிறச் சரிக்குறியும் போட்டிருந்தார்: 'எழில்மதியின் மின்தடை சந்தேகம் தீர்த்து வைக்கப்பட்டது.'

வாழ்த்துகள் குவிந்தன. கம்பி மாற்றுகிற நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வாழ்த்துக்கும் எழில்மதியின் போன் ஒருமுறை நடுங்கியது. நடுங்கி நடுங்கியே பேட்டரி தீர்ந்து அணைந்தது. சார்ஜ் போட மின்சாரம் இல்லை.

அவள் இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக் குஞ்சம்மா வந்து நின்றாள். குஞ்சம்மாவுக்கு இட்லி மாவு அரைத்து விற்கிற தொழில்.

"ஏண்டி, படிக்கிற புள்ளதானே நீ? படிச்சிட்டுப் போவ வேண்டியதுதானே? ஒன்ன யாரு கரண்டப் பத்திக் கேக்கச் சொன்னா? ஒரு அண்டா அரிசி ஊறிக் கெடக்கு. அத ஒந்தலையில கொட்டவா?"

"நான் கேக்கலக்கா."

"போட்டோல நீதானடி நிக்கிற, கையில புத்தகத்தோட?"

போட்டோவில் நிற்பது அவள்தான். கையில் இருப்பதும் புத்தகம்தான்.

மாலையில் காத்தமுத்து வந்தார். வரும் வழியில் டீக்கடையில் இரண்டு பேர் அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் பாராட்டுவதற்கு, மற்றவர் சண்டை போடுவதற்கு. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பாஸாயிடுவல்ல?"

"ஒரே ஒரு சந்தேகம் இருக்குப்பா."

காத்தமுத்து தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. யார்கிட்டயும் கேட்டு வைக்காத."

தேர்வில் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. எழில்மதி தனக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் எது கொஞ்சம் பரவாயில்லை என்று பார்த்து ஆங்கிலத்தைப் படித்தாள். எழுத முடிந்ததை எழுதினாள். பின்பகுதியில் அந்தக் கேள்வி இருந்தது. வீட்டில் விளக்கு, விசிறி போன்றவற்றை ஏன் பக்க இணைப்பில் இணைக்கிறார்கள், அப்படி இணைத்தால் மொத்த ரெசிஸ்டன்ஸ் ஏன் குறைகிறது, காரணம் கூறு. குறைகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஃபார்முலா தெரியும். இரண்டையும் எழுதினாள். 'பிகாஸ்' என்று எழுதி நிறுத்தினாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. மணி அடிக்கும்வரை அந்த 'பிகாஸ்' மேலேயே பேனாவை ஓட்டி அதைத் தடித்த எழுத்தாக்கிக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் அஜீசுன்னிசா போனைத் திறந்தாள். அறிவியல் சிறகுகளில் தேர்வைப் பற்றி ஒரே பேச்சு. பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "ஏடி எழிலு, இங்க பாரேன்."

ரொனால்ட் எழுதியிருந்தான்: 'அந்த பேரலல் கேள்வி ரொம்ப ஈஸி ஃபிரண்ட்ஸ். ஒவ்வொரு ரெசிஸ்டரும் கரண்ட் போறதுக்கு ஒரு புது வழி. வழி கூடுனா கரண்ட் தாராளமா போவும். அப்ப மொத்த ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சிடும். ஒண்ணு அணைஞ்சாலும் மத்தது எரியும். அவ்வளவுதான். போன வருசமே படிச்சது.'

எழில்மதி அதைப் படித்தாள். ஒரு மூச்சில் படித்து முடிக்கிற அளவுதான் இருந்தது. விளங்கியும் விட்டது. அஜீசுன்னிசாவின் போனிலிருந்தே எழுதினாள்: 'நான் எழில்மதி. இதத்தாங்க நான் அன்னிக்கிக் கேட்டேன்.'

பதில் உடனே வந்தது. 'நீங்க கரண்ட் கட் பத்தித்தான கேட்டீங்க சிஸ்டர்? அதத்தான் சரி பண்ணிக் குடுத்தோம்ல.' அதற்குக் கட்டை விரல்கள் எழும்பத் தொடங்கின. பேருந்து வந்துவிட்டது.

ரிசல்ட் வர நாளாகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று காத்தமுத்து அவளை ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போனார். ரிசல்ட் வரைக்கும்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்து, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றார். பிறகு ஞாபகம் வந்துவிட்டது.

"அட, மின்தடைப் பொண்ணா? நல்லதாப் போச்சு. அங்க, சுடிதார் செக்‌ஷன்ல நில்லு."

ஸ்டூல் இருந்தது. அதில் துணி மூட்டை வைத்திருந்தார்கள்.

எழில்மதி நின்றாள். மேலே கூரை நெடுக வரிசையாக விளக்குகள். நடுவில் ஒன்று மட்டும் அணைந்து கிடந்தது. அதற்கு முன்னால் இருந்தவையும் பின்னால் இருந்தவையும் எதுவும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தன. கழுத்து வலிக்கிற வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. அந்த 'பிகாஸ்'க்குப் பிறகு என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தில்கூட வரிசையாக வந்தது.

மேனேஜர் அவள் பார்வை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"என்னம்மா மேல பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணு எரியலீங்க. ஆனா மத்ததெல்லாம் எரியுது. அது ஏன்னா..."

"ஆளுக்குச் சொல்லியிருக்கேன் தாயி, நாளைக்கி வந்துருவான்" என்றார் மேனேஜர். குரலில் நிஜமான பயம் இருந்தது. "இதுக்குப் போயி மனு கினு குடுத்துடாத."